சம்பந்திக்குத் தூக்கம் வந்த இடம்

டைம்கீப்பர் அதுவரை விமானம் ஏறியதே இல்லை. ஆனால் விமானத்தில் எப்படி உட்கார வேண்டும், எப்படித் தூங்க வேண்டும், கழுத்தை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று அந்தத் தெருவில் யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால் நேரே அவரிடம் வந்திருக்கலாம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதனால் அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலையிலிருந்துதான், நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதிலிருந்து அல்ல. குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தால்கூட அவருக்கு விளக்கம் வேண்டும். கடல் தாண்டிக் குடித்தனம் நடத்தும் மகள், "ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டபோது, இத்தனை தூரம் பறந்தால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் குழம்பிப்போகும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அதைத் தன் சொந்த மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். என் உடம்புக் கடிகாரமா? என் அனுமதி இல்லாமலா?

மருமகன் தினம் ஒரு குரல் செய்தி அனுப்பினான். "மாமா, ஃபிளைட்ல ஏறின உடனே வாட்சை எங்க ஊர் டைமுக்கு மாத்திடுங்க. இங்க ராத்திரின்னா தூங்குங்க, பகல்னா முழிச்சிருங்க. தண்ணி நிறையக் குடிங்க. அப்பப்ப எழுந்து நடங்க." அவன் ஒன்று சொன்னால் இவர் ஒன்பது செய்தார். குதிரை லாடம் மாதிரி ஒரு கழுத்துத் தலையணை வாங்கினார். கால் வீங்காமலிருக்க முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் வாங்கினார். அதை மாட்டுவதற்குள் முகம் வீங்கியது. கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, காதுக்குப் பஞ்சு மாதிரி அடைப்பான், ஊதிக் காலடியில் வைத்துக்கொள்ள ஒரு காற்றுமெத்தை. போர்க்களத்துக்குப் போகிறவன்கூட இவ்வளவு ஆயத்தம் செய்திருக்க மாட்டான்.

"நீயும் வாயேன்" என்றார் மனைவியிடம்.

"அவ்ளோ நேரம் உங்க பக்கத்துல பெல்ட்டால கட்டிப்போடற அளவுக்கு நான் என்னங்க தப்புப் பண்ணேன்?" என்றாள் அந்த அம்மாள். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "தனியா அனுப்பிடுவேனா? துணைக்கு ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு" என்றாள்.

துணை யார் என்று தெரிந்ததும் டைம்கீப்பர் அன்று சாப்பிடவில்லை. துணை, சம்பந்தி. மருமகனைப் பெற்ற மகராசன். ஊருக்குள் மாவுமில் வைத்திருப்பவர்.

இரண்டு பேருக்கும் கல்யாணத்தன்றிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. டைம்கீப்பர் பொறுத்துப் பார்த்தார். பொறுமை அவருக்கு எட்டாத பாடம். மண்டபத்து மைக்கைக் கையில் எடுத்து, முப்பது வருடம் பழகிய அதே குரலில், "மாப்பிள்ளை வீட்டார் வண்டி காலதாமதமாக வந்துகொண்டிருக்கிறது. பயணிகள் காத்திருக்கவும்" என்று அறிவித்துவிட்டார். மண்டபமே சிரித்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கால் வைத்த மில்காரர் சிரிக்கவில்லை. மூன்று வருடமாகிறது, இன்னும் சிரிக்கவில்லை.

சம்பந்தியம்மாக்கள் இருவரும் மட்டும் தினம் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் வீட்டில் ஆம்பளை தொல்லை இல்லாமல் நிம்மதியாக இருக்க என்ன வழி என்று ஆராய்ந்து, இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் ஏற்றி அனுப்புவது என்ற முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். "மில்லை நான் பாத்துக்கறேன், அண்ணி" என்று ஒரு அம்மாள் தியாகம் செய்தாள். "எனக்கு முட்டிவலி, அண்ணி" என்று இன்னொரு அம்மாள் அதைவிடப் பெரிய தியாகம் செய்தாள்.

*

விமானத்தில் டைம்கீப்பருக்கு ஜன்னலோரம். தலை சாய்க்க வசதி என்று அவரே கேட்டு வாங்கியது. பக்கத்தில், நடைபாதையோரம் மில்காரர். கையில் ஒரு துணிப்பை, காலில் வீட்டுச் செருப்பு. கடைத்தெருவுக்குக் கிளம்பியவர் வழி தவறி ஏறிவிட்டாரோ என்று நினைக்கும்படி இருந்தார்.

டைம்கீப்பர் கடிகாரத்தைத் திருகி மகள் ஊர் நேரத்துக்கு மாற்றினார். கழுத்துத் தலையணையை மாட்டினார். காற்றுமெத்தையை ஊதினார். ஊதி முடித்ததும் பணிப்பெண் வந்து, விமானம் கிளம்பும்போது அதைக் காலடியில் வைக்கக் கூடாது என்றாள். ஊதிய மூச்செல்லாம் புஸ்ஸென்று போனது. மில்காரர் இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. பெல்ட்டைப் போட்டார். எஞ்சின் சத்தம் எழுந்தது. அந்த இரைச்சலைக் கேட்டதும் தாய் மடியில் போட்டுத் தட்டியது போல அவர் முகம் தளர்ந்தது. விமானம் தரையை விடுவதற்குள் தூங்கிப்போனார்.

சாதாரணத் தூக்கமல்ல. எஞ்சினோடு போட்டி போடுகிற குறட்டை. டைம்கீப்பரின் காதடைப்பான் அந்தக் குறட்டைக்கு முன்னால் காகிதக் குடை.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? குடித்தார். குடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து போக வேண்டுமென்றால் மில்காரரைத் தாண்ட வேண்டும். மூன்று வருடம் பேசாத மனிதரை எழுப்பி, "கொஞ்சம் காலை நகர்த்துங்க" என்று கேட்பதா? கேட்கவில்லை. ஒரு காலைத் தூக்கி, இருக்கையின் கைப்பிடியில் ஊன்றி, வேலி தாண்டுகிற ஆடு மாதிரி தாண்டப் பார்த்தார். இறுக்கமான சாக்ஸ் முழங்காலை மடங்கவிடவில்லை. பாதியில் நின்றுவிட்டார். அதாவது, சம்பந்தியின் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

மில்காரர் கண்ணைத் திறந்தார். மடியில் இருப்பதைப் பார்த்தார்.

"வண்டி நடுவழியில நின்னுடுச்சா?" என்றார்.

மூன்று வருடத்தில் சம்பந்தியிடம் சம்பந்தி பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதுவும் மில்லில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. முன்னால் நான்கு வரிசை, பின்னால் நான்கு வரிசை திரும்பிப் பார்த்தது.

சாப்பாடு வந்தபோது டைம்கீப்பர் மறுத்துவிட்டார். மகள் ஊரில் அப்போது நடுநிசி. நடுநிசியில் யாராவது சாப்பிடுவார்களா? அந்தத் தட்டையும் மில்காரரே வாங்கிச் சாப்பிட்டார். பணிப்பெண் ஏதோ கேட்டாள். எஞ்சின் இரைச்சலில் டைம்கீப்பருக்கே ஒன்றும் விளங்கவில்லை. அரைக்காது மட்டும் கேட்கிற மில்காரர், "ரொட்டி இன்னும் ரெண்டு குடும்மா" என்று விரலைக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்தாள்.

"உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?" தாங்க முடியாமல் டைம்கீப்பர் கேட்டுவிட்டார்.

"எங்க கேட்டுச்சு? வாயைப் பாத்தேன்." ரொட்டியைப் பிய்த்தார். "மில்லு ஓடும்போது சாமியே வந்து கூப்பிட்டாலும் காதுல விழாது. எல்லாம் வாயைப் பாத்துத் தெரிஞ்சிக்கறதுதான்."

சாப்பாட்டு நேரம் இவர் கணக்குக்கு வந்தபோது விமானத்தில் விளக்கை அணைத்திருந்தார்கள். கேட்டதற்கு ஒரு சின்னப் பொட்டலம் வறுத்த கடலை கிடைத்தது. கண்பட்டை, காதடைப்பான், லாடம், சாக்ஸ் எல்லாம் அணிந்தபடி, இருட்டில், தூக்கத்துக்கான அத்தனை வசதிகளோடும், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கடலையை மென்றார்.

*

மகளும் மருமகனும் இருந்தது அடுக்குமாடியில் நான்காவது மாடி. இரட்டைக் கண்ணாடி ஜன்னல். சாத்தினால் தெருவில் லாரி போனாலும் ஊமைப் படம்தான். பெரியவர்கள் நன்றாகத் தூங்கட்டும் என்று சின்ன அறையில் இரண்டு மடக்குக் கட்டில் போட்டு, கனமான திரையும் மாட்டியிருந்தார்கள்.

"இருட்டற வரைக்கும் தூங்கக் கூடாது. தாக்குப்பிடிச்சுட்டா ஒரே நாள்ல உடம்பு பழகிடும்" என்று வந்த அன்று மகளுக்கு வகுப்பெடுத்த டைம்கீப்பர், மதியம் சாப்பாட்டுத் தட்டில் நெற்றி பதித்துத் தூங்கினார். அன்றிலிருந்து அவர் பகலில் சுவரில் சாய்ந்தும், சோபாவில் சரிந்தும், ஒருமுறை துணி மடிக்கும்போது நின்றபடியும் தூங்கினார். கடிகாரத்தை மாற்றிவிட்டார், உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்னாலேயே பளிச்சென்று விழிப்பு வந்துவிடும். நேரம் குறிக்க பஸ் இல்லாத டைம்கீப்பர் என்ன செய்வார்? மகள் எப்போது எழுந்தாள், குளிக்க எவ்வளவு நேரம் எடுத்தாள், மருமகன் எத்தனை நிமிடம் தாமதமாகக் கிளம்பினான் என்று அறிவிக்க ஆரம்பித்தார்.

விமானத்தில் கும்பகர்ணனாகக் கிடந்த மில்காரருக்கோ வந்த நாள் முதல் ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

"என்ன வீடு இது சம்பந்தி? ஒரு சத்தம் கிடையாது. காதுக்குள்ள குடையுது" என்றார். முழுத்தொண்டையில். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார்.

"அந்தச் சத்தம் போதுமா?" என்றார் டைம்கீப்பர்.

நான்காம் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் கட்டிலில் கிடந்தார்கள். டைம்கீப்பர் சுவரைப் பார்த்து, மில்காரர் அரைக்கண் மூடிக் கதவைப் பார்த்து. கதவு பாதி திறந்திருந்தது. நேர் எதிரே அடுப்படி. வேலை முடிந்து வந்த மகளும் மருமகனும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டும் தூங்குகிறது என்று முடிவு கட்டி, அடுப்படியில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"நான் குளிக்கும்போது எங்கப்பா பாத்ரூம் வாசல்ல நின்னு டைம் சொல்றாரு. எனக்கு அழுகையா வருது" என்றாள் மகள்.

"உங்கப்பா தேவலாம். எங்கப்பா வாயைத் திறந்தா கட்டடமே அதிருது." மருமகன் பெருமூச்சு விட்டான். "நேத்து கடையில அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு உடம்பே கூசிப்போச்சு. ஆபீஸ் ஆளுங்க ஞாயித்துக்கிழமை வரேன்னாங்க, வேண்டாம்னுட்டேன். இவரை வெச்சுக்கிட்டு எப்படிக் கூப்பிடறது?"

டைம்கீப்பர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். தன்னைப் பற்றிச் சொன்னது அவ்வளவாகச் சுடவில்லை; அதையே மனைவி முப்பது வருடமாக இன்னும் கடுமையான வார்த்தைகளில் சொல்லிவருகிறாள். மற்றது சுட்டது. அது ஏன் என்று அவருக்கே புரியவில்லை. இந்த ஆளைத்தான் மண்டபம் முழுக்கச் சிரிக்கவைத்தவர் அவர்.

பிள்ளைகள் அடுப்படியை விட்டு நகர்ந்ததும் அடுத்த கட்டிலிலிருந்து கை நீண்டு தோளைத் தட்டியது. மில்காரர், அவரைப் பொறுத்தவரை ரகசியமான குரலில், "என்ன பேசிக்கிட்டாங்க?" என்றார்.

"என்னைப் பத்தித்தான். பாத்ரூம் வாசல்ல நிக்கறேனாம்."

"என்னைப் பத்தி?"

ஒரு பஸ் ஒரு நிமிடம் பிந்தினாலும் ஒரு நிமிடம் என்றே எழுதியவர் டைம்கீப்பர். டிரைவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், டீ வாங்கித் தந்திருக்கிறார்கள், மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை.

"உங்களைப் பத்தி... ஒண்ணுமில்லை. அப்பா தூக்கமில்லாம இளைச்சுட்டாரேன்னு மாப்பிள்ளை விசனப்படறாரு. நல்ல டாக்டரா பாக்கலாம்னு."

மில்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிறகு, "கதவு திறந்துதானே இருந்துச்சு சம்பந்தி" என்றார். "அவன் வாயை நான் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்." புரண்டு படுத்தார். "பொய்யை நல்லாத்தான் சொன்னீங்க. கொஞ்சம் காலதாமதமா வந்துச்சு, அவ்ளோதான்."

*

மறுநாள் மில்காரர் வாயைத் திறக்கவில்லை. காபி வேண்டுமா என்றால் தலையசைப்பு. சாப்பாடு போதுமா என்றால் கையசைப்பு. கீழ்வீட்டுக்காரர் கம்புக்கு ஓய்வு. வீடு மருமகன் ஆசைப்பட்டபடியே அமைதியாக இருந்தது. "உடம்பு சரியில்லையாப்பா?" என்று இரண்டு முறை கேட்டான். மூன்றாவது முறை கேட்பதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. எத்தனை நிமிடம் என்று அன்றைக்கு டைம்கீப்பர் சொல்லவில்லை.

பிள்ளைகள் கிளம்பிப் போனதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மில்காரர் சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை பெற்ற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். தூங்காத கண்கள் சிவந்து கிடந்தன.

"எழுந்திருங்க. பகல் வெளிச்சத்துல நடந்தா உடம்புக் கடிகாரம் தானா சரியாகும்."

மில்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். 'உமக்குச் சரியான லட்சணத்தைத்தான் பார்க்கிறேனே' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஆனாலும் செருப்பை மாட்டினார்.

வெளியே வெயில், குளிர்காற்று, ஆளுயரத்துக்கு வெட்டிவிட்ட செடி, வரிசையாக நின்ற கார். இரண்டு தெரு நடந்ததில் ஒரு ஈ காக்கை எதிர்ப்படவில்லை. மூன்றாவது தெரு முனையில் மில்காரர் சட்டென்று நின்றார். தலையை ஒருபக்கம் சாய்த்தார். காலடியில் நடைபாதை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"இங்க எதோ ஓடுது" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

அது ஒரு சலவைக்கடை. சுவரோடு சுவராகப் பத்துப் பன்னிரண்டு துணி துவைக்கும் இயந்திரங்கள். காசு போட்டு அவரவர் துணியை அவரவர் துவைத்துக்கொண்டு போக வேண்டியது. எல்லாம் சேர்ந்து தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. எதிரே நீளமாக ஒரு பெஞ்சு. கதகதப்பான காற்று. மில்காரர் கோயிலுக்குள் நுழைகிறவர் போல உள்ளே போனார். பெஞ்சில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்தார். சுவரும் அதிர்ந்தது.

"நல்ல மிஷினு. பெல்ட்டுதான் ஒண்ணு தளர்ந்திருக்கு" என்றார். என்ன பதில் சொல்வது என்று டைம்கீப்பர் யோசிப்பதற்குள் குறட்டை கிளம்பிவிட்டது.

சரி, தூங்கட்டும், நாம் காவல் இருப்போம் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் யாருடைய நீலப் போர்வையோ சுற்றிச் சுற்றி வந்தது. லாடம் இல்லை, கண்பட்டை இல்லை, சாக்ஸ்கூட வீட்டில். போர்வை நாலு சுற்று வருவதற்குள் தலை சம்பந்தியின் தோளில் விழுந்தது. விமானத்தில் இரண்டடிக்கு அப்பால் தாங்க முடியாத குறட்டை, காதுக்குள்ளேயே கேட்டும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

போன் இரண்டும் வீட்டில் சார்ஜில் கிடந்தன.

மதியம் மகள் அழைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். பிறகு புருஷனை அழைத்தாள். இரண்டு பேரும் பாதி வேலையில் ஓடிவந்தார்கள். வீடு காலி. மாடிப்படி, தோட்டம், பஸ் நிறுத்தம், மருந்துக்கடை என்று தேடினார்கள். கீழ்வீட்டுக்காரர்கூடக் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கம் தேடப் போனார். பாஷை தெரியாத ஊர், ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவருக்குக் கண் திறக்காது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மருமகன் சலவைக்கடையின் கண்ணாடிச் சுவரைத் தாண்டி ஓடி, நின்று, திரும்பி வந்து பார்த்தான்.

"அப்பா!"

இயந்திரங்களை மீறிக் கேட்டது அந்தச் சத்தம். அவனுக்கும் அப்பன் தொண்டைதான். இத்தனை நாள் மடித்து வைத்திருந்தான். "எங்கப்பா போய்த் தொலைஞ்சீங்க? நாங்க பயந்து செத்துட்டோம்பா! போலீசுக்குப் போக இருந்தோம்!"

துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள், காசு போட வந்தவர்கள், தெருவில் நாயோடு போனவர் உட்பட எல்லோரும் திரும்பினார்கள். மில்காரர் நிதானமாகக் கண்ணைத் திறந்தார். மகனின் வாயைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களையும் பார்த்தார்.

"மெதுவாப் பேசுடா" என்றார், வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லிய குரலில். "எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கூச்சமா இருக்கு."

மருமகன் வாய் திறந்தபடி நின்றது. முதலில் காது சிவந்தது, பிறகு முகம். பின்னாலேயே ஓடிவந்த மகள் அவனைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வெகு சிரத்தையாக இயந்திரத்தின் பொத்தான்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவன் அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். அப்பா பார்க்கும்படி முகத்தைத் திருப்பினான். பிறகு ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது டைம்கீப்பருக்கு இயந்திர இரைச்சலில் கேட்கவில்லை. வாயைப் பார்க்கவும் அவர் முயலவில்லை. மில்காரருக்கு விளங்கியிருக்க வேண்டும். மகன் முதுகில் மாவு மூட்டையைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டினார். அவன் இருமினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். மில்காரர் பேசியதில் பாதிப்பேர் மிரண்டார்கள், பாதிப்பேர் சிரித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் வழக்கம்போலத் தட்டினார். யாரும் செத்துப்போகவில்லை.

அதற்குப் பிறகு சம்பந்திகள் இருவரும் மதியமானால் வீட்டில் தங்கவில்லை. வெறுங்கையோடு போய்த் தூங்கினால் மரியாதையில்லை என்று ஆளுக்கொரு பை துணி எடுத்துப் போனார்கள். அழுக்குத் துணி தீர்ந்ததும் துவைத்த துணியையே மறுபடி எடுத்துப் போனார்கள். மருமகனின் சட்டைகள் வெளுத்து வெளுத்து எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்தன. திரைச்சீலை சுருங்கியது. "பரவாயில்லை, வாங்கிக்கலாம்" என்றாள் மகள். அப்பா பாத்ரூம் வாசலை விட்டுப் போனதற்கு எத்தனை திரைச்சீலை வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராயிருந்தாள்.

கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி ஒருநாள் இவர்கள் அருகே வந்து நின்றாள். இரண்டு பேரையும் மாறி மாறிக் காட்டி, அண்ணன் தம்பியா என்று சைகையில் கேட்டாள். டைம்கீப்பர் இல்லையென்று தலையாட்டினார். சரியான தகவல் தர வேண்டுமல்லவா? என் பெண் என்று ஒரு கையைக் காட்டினார். இவர் பையன் என்று இன்னொரு கையைக் காட்டினார். இரண்டு கையையும் கோத்துக் கல்யாணம் என்றார். பிறகு இவர், நான் என்று தொட்டுக் காட்டி, அந்த உறவைச் சொல்ல அவள் பாஷையில் ஒரு வார்த்தை தேடினார். மகளிடம் கேட்டுக் கற்ற பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளில் அது இல்லை. அவள் புருவத்தை நெரித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் தெரிந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். அவள் முகம் மலர்ந்து, இரண்டு பேருக்கும் தலைக்கு வைத்துக்கொள்ள ஆளுக்கொரு மடித்த துண்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

"என்ன சொன்னீங்க அந்தம்மாகிட்ட?" என்றார் மில்காரர்.

"ஃபிரெண்டுன்னு சொல்லிட்டேன். வேற வார்த்தை கிடைக்கலை. நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க."

மில்காரர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.